இயக்குநரின் பூஜ்ஜியம்

நிறுவனத்தில் பொறாமை இருக்கிறது என்பதை இயக்குநர் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தார். பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குச் சிறந்த அளவீட்டு மையம் என்ற விருது கிடைத்த செய்தியும் அன்று காலைதான் வந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கூட்டம் போட்டு அவரே விளக்கினார்.

அது அளப்பதற்கென்றே பிறந்த நிறுவனம். தராசு, வெப்பமானி, துணிக்கடைக்காரரின் மீட்டர் கோல், பெட்ரோல் பங்க்கின் பம்பு எல்லாம் அங்கே வந்து முத்திரை வாங்கிய பிறகுதான் ஊருக்குள் நடமாடலாம். அளக்க முடியாதது என்று உலகத்தில் ஒன்று இருப்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டதே இல்லை. கழிவறைக்குப் போய்வர ஆகும் நேரத்துக்குக்கூட அங்கே ஒரு சராசரி இருந்தது. அதைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தவர்களிடம் விளக்கம் கேட்டதும் உண்டு.

இயக்குநர் மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அவங்களுக்கு விருது கிடைச்சதுல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. சந்தோஷம்தான். காலையில பேப்பர்ல பார்த்தேன், உடனே மடிச்சு வச்சுட்டேன், அவ்வளவு சந்தோஷம். அவங்க கட்டடம் நம்மளதை விட ஒரு மாடி உயரம்னு சில பேர் சொல்றாங்க. நான் எண்ணிப் பார்த்ததே இல்ல. தினமும் அந்த வழியாத்தான் வர்றேன், அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. அந்த நாலாவது மாடிக்கு நீலக் கண்ணாடி போட்டிருக்காங்களாம், அதுவும் எனக்குத் தெரியாது. ஆனா நம்ம ஊழியர்கள்கிட்ட பொறாமை இருக்கு. ஒருத்தன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அந்த விஷயத்துல எனக்கு நல்ல பழக்கம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலின் சத்தம் வழக்கம்போல அளந்து குறிக்கப்பட்டது.

இனி ஊழியர்களின் பொறாமை கருவி வைத்து அளக்கப்படும் என்றார் இயக்குநர். காலியாக இருக்கும் தலைமைப் பொறியாளர் பதவி, அனுபவத்தையும் திறமையையும் பார்க்காமல், பொறாமை யாருக்கு மிகக் குறைவோ அவருக்கே போகும். திறமையைப் பார்த்துப் பதவி கொடுத்தால் திறமை இல்லாதவர்களுக்குப் பொறாமை வரும் என்பது அவருடைய வாதம்.

கடைசி வரிசையில் இருந்த ஒருவர் இதைக் கேட்டதும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மின்னணுப் பிரிவின் பொறியாளர் அவர். பெயர் ஒன்று இருந்தது, சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சர்க்யூட்டார். தலைமைப் பொறியாளர் நாற்காலி மேல் அவருக்குப் பல வருஷத்துக் கண். போட்டிக்கு இருந்தது ஒரே ஒருவன். அவன் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலை இல்லாமல் இருக்கிறானே என்று மாமனார் கேட்டுக்கொண்டதால் சர்க்யூட்டாரே சொல்லி அதே பிரிவில் சேர்த்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவர் சிபாரிசுக் கடிதம் எழுதிச் செய்துகொண்டார். அன்றிலிருந்து ஆரம்பித்தது. சகலைக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. சகலையின் சட்டை சாயங்காலம் வரை கசங்கவில்லை. இருவருக்கும் ஒரே வயதுதான், இவருக்கு முன்மண்டை பளபளத்தது, அவனுக்குச் சீப்பு உடைந்தது. இவர் பிள்ளை ஒரு வாய் சாப்பிட வீட்டைச் சுற்றி ஓடும். அவன் பிள்ளை தட்டை வழித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கும். மழையில் நனைந்த ஸ்கூட்டர்கூட அவனுக்கு ஒரே உதையில் கிளம்பியது.

இத்தனைக்கும் அவன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் பாதி வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும். "அண்ணே, அண்ணே" என்று சுற்றிச் சுற்றி வருவான். யாருக்கு நல்லது நடந்தாலும் தனக்கே நடந்ததுபோலச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நிறுத்த ஏதாவது வழி உண்டா என்று சர்க்யூட்டார் பலமுறை யோசித்திருக்கிறார்.

பொறாமைமானிக்கான உணரி வெளியிலிருந்து வந்தது. உள்ளங்கை வைக்கிற மாதிரி ஒரு உலோகத் தட்டு. கையை வைத்ததும் எதிரே இருக்கும் திரையில் அடுத்தவர்களின் பதவி உயர்வு, புது வீடு, கார், கல்யாண ஆல்பம் எல்லாம் படம் படமாக ஓடும். பார்க்கிறவருக்கு உள்ளே எரிந்தால் கை வியர்க்கும், சூடேறும். தட்டு அதை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கும். ஒன்றும் இல்லை என்றால் ஒரு வோல்ட். எரிந்து சாம்பலாகிறவருக்கு இரண்டு வோல்ட். ஆனால் எண் காட்டும் பெட்டியோ பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வோல்ட் வரை கேட்டது. தட்டு பேசுவதைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்ற ஒரு சர்க்யூட் வேண்டும். பரீட்சை எழுதப்போகிறவரே வினாத்தாள் தயாரிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பிரிவில் ஒயரைப் பற்றவைக்கும் சாலிடர் இரும்பு பிடிக்கத் தெரிந்த கை சர்க்யூட்டாருடையது ஒன்றுதான்.

அதிகாரிகள் குழுவின் முன் சர்க்யூட்டார் எழுந்து நின்று விளக்கினார்.

"ரொம்ப சுலபம் சார். வர்றதுல ஒரு வோல்ட்டைக் கழிக்கணும், மிச்சத்தை அஞ்சால பெருக்கணும். ஒரு ஆப்-ஆம்ப் போதும். எட்டுக் கால் வச்ச சின்னக் கறுப்பு சில்லு. ப்ளஸ் பக்கம் வர்றதுல இருந்து மைனஸ் பக்கம் வர்றதைக் கழிக்கும். மிச்சத்தை, நாம போடற ரெசிஸ்டருக்கு ஏத்தபடி பெருக்கும். எவ்வளவு கழிக்கணும்னு திருகி வைக்க ஒரு குட்டி ஸ்க்ரூ. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்."

மத்தியானத்துக்குள் என்று சொன்னதுதான் தப்பு. அந்த நிறுவனத்தில் மத்தியானத்துக்குள் முடிகிற எதையும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை.

நிதி அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கழிக்கிறதா? நிறுவனத்துக்குள்ள வந்த வோல்ட்டை நாம எதுக்குக் கழிக்கணும்? கழிச்ச வோல்ட் எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். அது ஒரு கணக்குதான்."

"நானும் கணக்குதான் கேக்கறேன்."

கழித்தலை ஆராய நிதி அலுவலர் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. கழித்தலுக்குக் குழு இருக்கும்போது பெருக்கலுக்கு இல்லாவிட்டால் பெருக்கலுக்கு என்ன மரியாதை என்று துணை இயக்குநர் வருத்தப்பட்டார். அவர் தலைமையில் பெருக்கல் குழு வந்தது. இரண்டு குழுவும் அடித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்காக. எது முதலில்?

"பதவியில நான் பெரியவன்," என்றார் துணை இயக்குநர். "நான் கழித்தலுக்குப் பின்னாடி வரிசையில நிக்கணுமா?"

"சார், ஆப்-ஆம்ப்புக்கு நாம குடுக்கற கரண்டே அஞ்சு வோல்ட்தான்," என்றார் சர்க்யூட்டார். "கையில இருக்கறதுக்கு மேல அது எப்படிக் குடுக்கும்? முதல்லயே பெருக்கிட்டா, சும்மா இருக்கற ஒரு வோல்ட்டே அஞ்சாகிக் கூரையில போய் முட்டிக்கும். அப்புறம் யார் கை வச்சாலும் வித்தியாசம் தெரியாது."

"வித்தியாசம் பார்க்காம நடத்தறதுதான் நம்ம கொள்கை," என்று துணை இயக்குநர் முடித்துவிட்டார்.

முதலில் பெருக்கிப் பிறகு கழிக்கிற சர்க்யூட்டைச் சர்க்யூட்டார் செய்து கொடுத்தார். வெள்ளோட்டத்தில் யார் கை வைத்தாலும் நான்கு காட்டியது. துணை இயக்குநருக்கு நான்கு. நிதி அலுவலருக்கு நான்கு. யாரும் கை வைக்காமல் தட்டு தேமே என்று கிடந்தபோதும் நான்கு. நிறுவன வரலாற்றில் முதல் முறையாக எல்லோருக்கும் சமமான மதிப்பீடு என்று ஊழியர் சங்கம் வரவேற்று அறிக்கை விட்டது. ஆனால் இயக்குநர் கை வைத்தபோதும் நான்கே வந்ததால் கருவியில் கோளாறு என்று முடிவானது. பெருக்கல் குழுவின் மானம் போகாமல் இருக்க, சர்க்யூட்டின் முதல் பகுதிக்கு 'பெருக்கலின் தயாரிப்புக் கட்டம்' என்று பெயர் சூட்டினார்கள். அதில் கழித்தல் நடந்தது. அது துணை இயக்குநருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

சரியான சர்க்யூட் மேசை மேல் தயாரான அன்று சர்க்யூட்டார் தட்டில் தன் கையை வைத்துப் பார்த்தார். திரையில் சகலையின் படத்தை ஓடவிட்டார். ஆண்டு விழாவில் அவன் கோப்பை வாங்கும் படம். சில்லுக்குள் போகும் ஒயரில் மீட்டர் வைத்து அளந்தார். இரண்டு வோல்ட்டுக்கு ஒரு நூலிழைதான் குறைவு. பயந்துபோய்க் கையை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். இன்னும் கொஞ்சம் ஏறியது.

அந்த நேரம் பார்த்துச் சகலை இரண்டு டீ கிளாஸோடு வந்தான்.

"அண்ணே, வேலை முடிஞ்சுதா? நானும் ஒரு தடவை கை வச்சுப் பார்க்கட்டுமா?"

சர்க்யூட்டார் திரையில் தன்னுடைய படத்தைப் போட்டார். பழைய இயக்குநர் கையால் அவர் சான்றிதழ் வாங்குகிற படம். சகலை அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"இந்த போட்டோல நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்க. அண்ணிகிட்ட காமிச்சீங்களா? ஒரு பிரிண்ட் போட்டு வீட்டுல மாட்டுங்கண்ணே."

மீட்டர் ஒரு வோல்ட்டிலேயே அசையாமல் நின்றது. காலியான தட்டுக்கும் இவன் கைக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. உலகத்தில் இப்படி ஒரு கை இருக்க முடியும் என்று சர்க்யூட்டார் நினைத்ததில்லை. பதவி அவனுக்குத்தான் என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவன் கொண்டுவந்த டீ நன்றாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மனைவி அங்கே இன்னொரு திரையை ஓட்டிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி போன் பண்ணினா. அவங்க வீட்டு மாடியில ரூம் எடுக்கறாங்களாம். நான் ஒண்ணும் ஒப்பிட்டுப் பேசலை, சும்மா காதுல போட்டு வைக்கறேன்."

"காதுல இடமில்ல," என்றார் சர்க்யூட்டார்.

அடுத்து எழுந்தது பூஜ்ஜியத்தின் பிரச்சினை. எதைப் பூஜ்ஜியம் என்று வைத்துக் கழிப்பது? காலித் தட்டு கொடுக்கும் ஒரு வோல்ட்டைத்தான் என்று சர்க்யூட்டார் சொல்லிப் பார்த்தார்.

"காலித் தட்டு நம்ம ஊழியரா?" என்று கேட்டார் இயக்குநர். "பொறாமை இல்லாத மனுஷன் ஒருத்தரை வச்சுத்தான் பூஜ்ஜியம் குறிக்கணும். அப்படி ஒருத்தர் யாருன்னு நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே சொல்லுங்க."

அவர்களே சொன்னார்கள். இயக்குநரே பூஜ்ஜியம் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இந்தப் பொறுப்பைத் தாழ்மையோடு ஏற்பதாகவும், தன்னைவிடச் சிறந்த பூஜ்ஜியம் கிடைத்தால் விலகிக்கொள்ளத் தயார் என்றும், ஆனால் கிடைக்காது என்றும் அவர் நன்றியுரை ஆற்றினார்.

இயக்குநரின் அறையில் வைத்துத் தனியாக அளந்தார்கள். திரையில் பக்கத்துத் தெரு நிறுவனத்தின் நாலாவது மாடி தெரிந்தது. நீலக் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. இயக்குநரின் கை தட்டில் இருந்தது, தாடை இறுகியது. மீட்டர் ஒன்று புள்ளி ஒன்பதில் போய் நின்றது. சர்க்யூட்டாருக்கு ஒரு கணம் அவர் மேல் பாசமே வந்துவிட்டது. நம் ஜாதி என்று தோன்றியது. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். ஸ்க்ரூவைத் திருகி அந்த ஒன்று புள்ளி ஒன்பதையே கழிக்கும்படி வைத்தார். பெட்டி பூஜ்ஜியம் காட்டியது. இயக்குநர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. நிதி அலுவலர் கை வைத்தார், பூஜ்ஜியம். துணை இயக்குநர், பூஜ்ஜியம். மாடிப்படி கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள், பூஜ்ஜியம். இயக்குநரைவிடக் குறைந்தவர்களுக்கு எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும். ஆனால் அந்தச் சில்லுக்கு ஐந்துக்கு மேலே கூரை இருப்பதுபோலப் பூஜ்ஜியத்தில் தரையும் இருந்தது. எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

பொறாமையே இல்லாத நிறுவனம் என்று நிதி அலுவலர் வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார். இயக்குநர் கையைக் கொடுக்கவில்லை.

"கூட்டுற அம்மாவுக்கும் பூஜ்ஜியம், எனக்கும் பூஜ்ஜியமா?" என்று சர்க்யூட்டாரிடம் கேட்டார். "நான் இந்த பூஜ்ஜியத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அந்தம்மா வந்ததும் வைக்கறாங்க, பூஜ்ஜியமாம். எனக்கு அதுல வருத்தம் இல்ல. ஆனா வித்தியாசம் தெரியணும். நாளைக்கு அளக்கும்போது நான் பூஜ்ஜியமா இருக்கணும், மத்தவங்க இருக்கக் கூடாது. எப்படியோ பண்ணுங்க."

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சர்க்யூட்டார் தன் கையை வைத்துப் பார்த்தார். பெட்டி பூஜ்ஜியம் காட்டவில்லை. கால் வோல்ட் காட்டியது. இயக்குநரையும் தாண்டி எரிகிற ஒரே கை அந்தக் கட்டடத்தில் அவருடையதுதான். ஊரே உத்தமர்களாக உட்கார்ந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் கால் வோல்ட் பாவியாக எழுந்து நின்றார்.

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பதவி போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார், வாய் சொன்னது, வயிறு சொல்லவில்லை. தனக்குக் கிடைக்காமல் போவதைவிட அவனுக்குக் கிடைக்கப் போவதுதான் சுட்டது. உழைப்புக்கு மரியாதை, மூப்புக்கு நியாயம் என்று அதற்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அது பொறாமைதான், கலப்படம் இல்லாதது.

பெட்டியைத் திறந்தார். தட்டிலிருந்து சில்லின் ப்ளஸ் பக்கத்துக்கு வருகிற ஒயரைக் கழற்றினார். கழிக்க வேண்டிய வோல்ட் மைனஸ் பக்கத்துக்கு வருகிறதே, அந்த ஒயரையும் கழற்றினார். இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். இப்போது கையிலிருந்து இயக்குநரைக் கழிக்காது, இயக்குநரிலிருந்து கையைக் கழிக்கும். எரிச்சல் குறையக் குறைய எண் ஏறும். இயக்குநருக்குப் பூஜ்ஜியம். அவரையும் மிஞ்சி எரிகிறவர் தரைக்குக் கீழே போக முடியாமல் பூஜ்ஜியத்திலேயே தங்கிவிடுவார். காலித் தட்டு போன்ற கை உள்ளவனோ கூரைப் பக்கமே போய் நிற்பான்.

இயக்குநர் கேட்ட வித்தியாசம் கிடைத்துவிட்டது. மேலிடத்து உத்தரவைத்தானே செய்தோம் என்று சொல்லிக்கொண்டு சர்க்யூட்டார் கடைசியாகச் சாப்பிடப் போனார். நல்ல பசி இருந்தது.

மறுநாள் அளவெடுப்பு அரங்கிலேயே நடந்தது. அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இயக்குநர் பூஜ்ஜியம். துணை இயக்குநர் அரை. நிதி அலுவலர் முக்கால். பிரிவுத் தலைவர்கள் ஒன்று, ஒன்றேகால். பிறகு எழுத்தர்கள் இரண்டு, மூன்று என்று ஏறினார்கள். மாடிப்படி கூட்டுகிற அம்மா திரையில் ஓடிய மாளிகைகளைப் பார்த்து, "நல்லா இருக்கட்டும், கூட்டித் துடைக்கத்தான் கஷ்டம்," என்றார். பெட்டி நாலே கால் காட்டியது. அரங்கமே அவரை அருவருப்போடு பார்த்தது.

இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் நினைச்சது சரியாப் போச்சு. கீழ போகப் போகப் பொறாமை ஜாஸ்தி. இதை நான் முப்பது வருஷமா சொல்லிட்டு வர்றேன், இப்பத்தான் அறிவியல் என்கிட்ட வந்து சேர்ந்திருக்கு. இந்த ரிசல்ட்டை பக்கத்துத் தெருவுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அவங்க பார்த்து வயிறெரியணும்னு இல்ல, ஒரு தகவலுக்காக."

சகலை வந்தான். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கையை வைத்தான். திரையில் சர்க்யூட்டாரின் சான்றிதழ்ப் படம் வந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தான். பெட்டி நாலரை காட்டியது. அதுவரை வந்ததில் அதுதான் உச்சம். அரங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவனுக்கு முதலில் புரியவில்லை. எண்ணைப் பார்த்தான், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். பல வருஷமாக நிற்காத சிரிப்பு அப்போது நின்றது.

அடுத்துச் சர்க்யூட்டார். தட்டில் கை வைத்ததும் பூஜ்ஜியம். இயக்குநரைத் தவிர அது வேறு யாருக்கும் வரவில்லை. இயக்குநர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே, "என்னை விட ஒரு புள்ளிகூடக் குறையலையே?" என்று காதோடு கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சர்க்யூட்டாருக்குத் தலைமைப் பொறியாளர் பதவி கிடைத்தது. அறைக் கதவில் பலகை மாட்டினார்கள். அதோடு சரி. சம்பளம் கூடவில்லை, நாற்காலி மாறவில்லை. ஏன் என்று கேட்கப் போனார்.

"சார், பொறாமையே இல்லாதவர் நீங்க," என்றார் நிதி அலுவலர், குறைப்படுகிற குரலில். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? கேட்டீங்கன்னா அளவு மேலயே சந்தேகம் வந்துடும்."

சர்க்யூட்டார் கேட்கவில்லை.

இதற்கிடையே நிபுணர் குழு ஒன்று பொறாமைக்கு மருந்து கண்டுபிடித்திருந்தது. இல்லாததால் வருவதுதான் பொறாமை, கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும். பொறாமை நிவாரணத் திட்டம் தொடங்கியது. கீழ்மட்டத்தில் எல்லோருக்கும் மூன்று, நாலு என்று இருந்ததால் அத்தனை பேருக்கும் கொடுக்க நிதி இல்லை. அவர்களுக்கு மனப்பக்குவம் பற்றி ஒரு சொற்பொழிவு கொடுத்தார்கள். மருந்து முழுவதும் அதிக எண் வாங்கிய ஒருவருக்குப் போனது. சகலைக்குக் குளிர்சாதன அறை கொடுத்தார்கள். பிறகு கார். பிறகு, மனம் குளிர வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் பத்து நாள் பயணம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளந்தார்கள். அவன் நன்றி சொல்லச் சொல்ல எண் நாலரையிலேயே நின்றது. நோய் முற்றியது என்று மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கரும்பு தின்னக் கூலி என்பதை அதிகாரப்பூர்வமாக நடைமுறைப்படுத்திய ஒரே நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும். அத்தனை உத்தரவிலும் தலைமைப் பொறியாளர் என்ற முறையில் சர்க்யூட்டார் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

கடற்கரைப் படங்கள் மனைவியின் கைப்பேசிக்கு வந்தன. அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பொறாமை ஜாஸ்தியாம், அதான் கார் குடுத்திருக்காங்களாம்," என்றாள். "ஏங்க, நீங்களும் கொஞ்சம் பட்டிருக்கக் கூடாதா? ஊர்ல எல்லாருக்கும் வருது. உங்களுக்கு அதுக்குக்கூட சாமர்த்தியம் இல்ல."

தன் வாழ்நாளில் முழுமையாகச் செய்த ஒரே காரியத்தைச் செய்யத் தெரியாதவர் என்று மனைவியே சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. தலைமைப் பொறியாளர் தினமும் காலையில் தட்டில் கை வைத்துப் பூஜ்ஜியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது புது விதி. திருப்பி மாட்டிய சர்க்யூட்டில் எரிகிறவருக்குத்தான் பூஜ்ஜியம். ஒரு நாள் மனசு கொஞ்சம் ஆறிவிட்டால், ஒரு காலையில் அவர் நிம்மதியாக எழுந்து வந்துவிட்டால், எண் எழும்பிவிடும், பதவி போய்விடும். ஆகவே அவர் எரிந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக நிறுவனம் வாரத்துக்கு ஒரு விறகாவது தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது சகலை அவர் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆள் இளைத்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சர்க்யூட்டாருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"அண்ணே, இந்தக் கார் சாவியை நீங்க வச்சுக்கோங்க," என்று மேசை மேல் வைத்தான். "எனக்குத் தூக்கமே இல்லண்ணே. உங்க மேல எனக்கு இவ்வளவு பொறாமைன்னு மெஷின் சொல்லுது. நானும் உள்ள தேடித் தேடிப் பார்க்கறேன், முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் யோசிச்சேன். நீங்க வேலை செய்யறதைப் பார்த்து நின்னுட்டே இருப்பேன்ல, இவரை மாதிரி நமக்கு வரலையேன்னு நினைப்பேன். அதுதான் போலருக்கு. எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நீங்க. உங்களைப் பார்த்து நான் இப்படி இருந்திருக்கேன் பாருங்க. மன்னிச்சிடுங்கண்ணே."

அவன் கண் கலங்கியிருந்தது. சர்க்யூட்டாருக்கு நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முடிச்சு தளர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவன் மேல் இரக்கம் வந்தது. இரண்டு ஒயர்தான், சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு நிமிஷத்தில் இவன் முகம் பழையபடி ஆகிவிடும். பதவி போகும், மானம் போகும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. சொன்னால் இவன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட மாட்டான். சண்டை போட மாட்டான். "பரவாயில்லண்ணே" என்று மன்னித்துவிடுவான், மனசாரச் செய்வான், வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்தும் விடுவான். அதிலும் அவன்தான் முதலாவதாக வருவான். அதை மட்டும் தாங்க முடியாது.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் சர்க்யூட்டார். "நான் மன்னிச்சுட்டேன். நீ மனசுல வச்சுக்காத, போ."

சகலை அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை உலர்ந்து குளிர்ச்சியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தாண்ணே பாரம் இறங்குச்சு," என்று சிரித்தான். கதவைத் திறந்துகொண்டு போனான். தாழ்வாரத்தில் யாரிடமோ அவன் நலம் விசாரிக்கிற சத்தம் கேட்டது.

சர்க்யூட்டார் தனியாக உட்கார்ந்திருந்தார். சற்றுமுன் தளர்ந்த முடிச்சு அவரைப் பயமுறுத்தியது. இந்த இரக்கம் காலை வரை இருந்தால் தட்டில் எண் எழும்பிவிடுமே என்று உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். அப்போதுதான் நினைத்துக்கொண்டார், இன்று இரவு அவன் படுத்ததும் தூங்கிவிடுவான். அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்கு நாளைக் காலையைப் பற்றிய பயம் இல்லை.